கரையேறாத மணிராஜ்

ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு மணிராஜ் தாமிரபரணியில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் கரையேறவில்லை. இது விழிநகர் மையத்தின் பதிவு. அன்று மத்தியானம் அவர் வீட்டுப் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை இருநூறு பேர் பார்த்தார்கள். ஆனால் இருநூறு பேரும் மனிதர்கள், மனிதக் கண்ணுக்குத் தவறு வரும், கேமராவுக்கு வராது என்று மையத்தில் எனக்கு விளக்கினார்கள்.

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். அந்த மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு குடை. ஊரில் என்னை மனு அண்ணாச்சி என்பார்கள். மணிராஜுக்காக மட்டும் ஏழு மனு எழுதியிருக்கிறேன். அதனால் இந்த விவகாரம் எனக்கு மனப்பாடம். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். ஒரு தெருவின் பெயர் வரவேண்டிய இடத்தில் வராது. அதைத் தேடிக்கொண்டு யாரும் வரவேண்டாம்.

திருநெல்வேலியை விழிநகரம் ஆக்குவது என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலில் சாக்கடையை மூடச் சொல்லியிருப்போம். சாக்கடை திறந்தபடி கிடக்க, அதன் பக்கத்திலேயே கம்பம் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் நான்கு கேமரா, ஒரு ஒலிபெருக்கி. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி முகத்தைப் படம் பிடித்து ஆளுக்கொரு விழி எண் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு விண்ணப்பம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், பொய் சொல்வானேன். அதன் பிறகு கம்பங்கள் பேச ஆரம்பித்தன. "கட்டம் போட்ட சட்டைக்காரரே, எச்சில் துப்பாதீர்" என்று நடுச்சந்தியில் ஒரு குரல் வரும். கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் ஒன்பது பேரும் வாயிலிருப்பதை விழுங்குவார்கள்.

அடுத்து ஆற்றுக்கு வந்தார்கள். படித்துறையில் ஆள் மூழ்கிச் சாவதைத் தடுக்க உயிர்காப்புத் திட்டம் என்று ஒன்று. கணக்கு ரொம்ப எளிது. மேல்படியில் கேமரா. இறங்கினவர் யார், ஏறினவர் யார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கின முகம் அரை மணிநேரத்தில் ஏறவில்லை என்றால் அந்த ஆள் ஆற்றோடு போய்விட்டார் என்று அர்த்தம். திறப்பு விழாவில் சீதாலக்ஷ்மி டீச்சர் எழுந்து, பொம்பளைகள் குளிக்கிற இடத்தில் கேமரா வைக்கலாமா என்று கேட்டார். மையத்தின் தலைமை விழிப்பு அலுவலர் ஸ்ரீவிஷ்ணு மைக்கைப் பிடித்தார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, சென்னையிலிருந்து வந்தவர்.

"சகோதரிகள் கொஞ்சமும் அஞ்ச வேண்டியதில்லை. கேமரா உங்களைப் பார்ப்பதில்லை. பதிவு மட்டுமே செய்கிறது. பதிவானதை எங்கள் அலுவலர்கள்தான் பார்ப்பார்கள். அவர்களும் ஒரு நாளைக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். பார்க்கச் சொல்வது தொழிலாளர் சட்டப்படி குற்றம்."

கைதட்டினார்கள். டீச்சர் அன்றிலிருந்து வீட்டுக் குழாயில் குளிக்கிறார்.

திட்டம் தொடங்கிய முதல் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. மணிராஜின் அப்பா காலமாகி அன்றைக்குப் பதினாறாம் நாள் கருமாதி. மணிராஜுக்கு வயது ஐம்பத்திரண்டு, வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தலை நிறைய முடி, போலீஸ்காரர் பொறாமைப்படும் மீசை. சொந்தக்காரர்களோடு படித்துறைக்கு வந்தார். கீழ்ப்படியில் நாவிதர் உட்கார்ந்திருந்தார். தலையும் மீசையும் போயின. மணிராஜ் ஆற்றில் முங்கி, கட்டியிருந்த பழைய வேட்டியை வழக்கப்படி தண்ணீரோடு விட்டார். மனைவியின் அண்ணன் சுடலைக்கண்ணு கொண்டுவந்த கோடி வேட்டியைக் கட்டினார். சுடலைக்கண்ணு கோடித் துண்டை எடுத்து அவர் தலையில் உருமா கட்டினார். எங்கள் பக்கத்தில் காலங்காலமாக இப்படித்தான் கருமாதி. மைத்துனர் உருமா கட்டினால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு.

மேல்படிக் கேமராவுக்குக் கணக்கு வேறு. முடியும் மீசையும் பழுப்பு வேட்டியுமாக இறங்கிய ஒருவர் ஏறவில்லை. வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, இறங்கவே இறங்காத ஒருவர் ஏறியிருக்கிறார்.

எட்டேகாலுக்குச் சங்கு ஊதியது. தீயணைப்பு வண்டி வந்தது, ரப்பர் படகு வந்தது. ஆள் ஒருத்தர் முங்கிட்டார் என்றார்கள். மணிராஜ் இளகின மனசுக்காரர். அப்பா காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு சாவா என்று பதறி, கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று கயிறு பிடித்தார். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லாப் பாருங்கப்பா, அந்த ஆலமரத்துப் பக்கம் சுழி இருக்கு" என்று படகுக்காரர்களுக்கு வழியும் சொன்னார். முக்கால் மணிநேரம் இப்படித் தன்னைத் தானே தேடினார்.

கம்பம் அறிவித்தது. "மூழ்கியவர் மணிராஜ், வயது ஐம்பத்திரண்டு, எரிவாயு உருளை விநியோகிப்பவர்."

மணிராஜ் கயிற்றை விட்டார். படகு அரை பர்லாங் கீழே போய்விட்டது.

"எய்யா, அது நாந்தான். நான் இங்கனதான நிக்கேன்" என்று மையத்திலிருந்து வந்திருந்த களப்பணியாளரிடம் சொன்னார். அவர் கையிலிருந்த கருவியில் படத்தைப் பார்த்தார்.

"மணிராஜுக்கு மீசை உண்டே."

"இப்பந்தான் எடுத்தேன்."

"எங்க அந்த மீசை?"

மணிராஜ் ஆற்றைக் காட்டினார். களப்பணியாளர் அதையும் குறித்துக்கொண்டார்: மீசை ஆற்றில் இருப்பதாக நேரில் கண்டவர் வாக்குமூலம்.

மறுநாள் காலையில் முதல் நாளிலேயே திட்டம் வெற்றி என்று செய்தி வந்துவிட்டது. அதன் பிறகு அதைத் திருத்த எந்த அதிகாரிக்குத்தான் மனசு வரும். ஆனால் தப்பு நடந்தது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வாரத்தில் படித்துறையில் ஒரு பலகை மாட்டினார்கள். 'கருமாதிக்கு வருவோர் மழிப்பதற்கு முன்பும் பின்பும் கேமராவைப் பார்த்து ஒருமுறை புன்னகைக்கவும்.' அப்பாவைப் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நின்று பல்லைக் காட்டிவிட்டு இறங்குவதை நீங்கள் இன்றும் போய்ப் பார்க்கலாம். திருச்செந்தூரில் மொட்டை போட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தில் ஐந்து பேரைக் காணவில்லை என்று கம்பம் கூவியதும் அந்த வாரம்தான். அவர்கள் பாடு தேவலை. கடல், மையத்தின் எல்லைக்குள் வராததால் அவர்களை மூழ்கடிக்க முடியவில்லை.

மணிராஜின் படம் ஜங்ஷன் பெரிய திரையில் ஓடியது. கீழே ஆழ்ந்த இரங்கல். கூடங்குளத்திலிருந்து அவர் மனைவி சுடலைவடிவின் சித்தப்பா குடும்பம் வேன் பிடித்து அழுதுகொண்டே வந்தது. வாசலில் மணிராஜைப் பார்த்துச் சத்தம் போட்டு, பிறகு வந்ததற்கு இருந்து சாப்பிட்டுப் போனது. கேஸ் ஏஜென்சியில் காலையில் முகம் காட்டினால்தான் வேலை. கருவி, 'காலமானவர்கள் வருகைப் பதிவு செய்ய இயலாது' என்றது. தெருவில் நடந்தால் கம்பம் விடவில்லை. "பதிவில்லாத நபர் ஒன்று, முகத்தை உயர்த்தவும். பதிவில்லாத நபர் ஒன்று, நிற்கவும்." சந்திக்குச் சந்தி நின்று நின்று, ஒரு கிலோமீட்டர் போக அவருக்கு முக்கால் மணிநேரம் ஆனது. அப்படி நின்று நின்று வந்த வழியில்தான் என் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, நான் உசிரோட இருக்கேன்னு ஒரு மனு எழுதணும்."

எழுதினேன். இரண்டு பேருமாக மையத்துக்குள் போனோம். உள்ளே நல்ல குளிர். ஒரு சுவர் முழுக்கத் திரை. சந்து சந்தாக எங்கள் ஊர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஃபர்ஹத் என்று மேலப்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயதிருக்கும், மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏழு பேர் மாற்றி மாற்றி உட்காரும் நாற்காலி, பகல் வேலை அவளுடையது. ஸ்ரீவிஷ்ணு எங்களுக்குக் காபி வரவழைத்தார். மரியாதைக்கு அவரிடம் குறைவே கிடையாது.

"பிரச்சினை உங்களிடம் இல்லை. நீங்கள் யார் என்பதில்தான் இருக்கிறது" என்றார்.

"முடி வளந்ததும் வாரேன் சார். மீசையும் பைய வந்துரும்" என்றார் மணிராஜ்.

"வளர்க்காதீர்கள். இறந்தவருடைய முகத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக வழக்கு வரும்."

நடையை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மணிராஜை அந்தக் கூடத்தில் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டார்கள். அவர் முப்பது வருடமாகத் தோளில் சிலிண்டரோடு நடக்கிறவர். வெறும் தோளோடு நடக்க அவருக்கு வரவில்லை, கை எங்கே போவது என்று தெரியாமல் காற்றைப் பிடித்தது. கேண்டீனிலிருந்து ஒரு சிலிண்டர் கொண்டுவந்து தோளில் வைத்தார்கள். உடனே நடை வந்தது. அறுபத்தொரு விழுக்காடு மணிராஜ் என்று கருவி சொன்னது. மீதி முப்பத்தொன்பது விழுக்காடு யார் என்று கேட்டேன். அது விசாரணையில் இருக்கிறது என்றார்கள். கேண்டீனில் அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு கிடையாது.

"இனி ஒரே வழி வாழ்வோட்டச் சோதனை" என்றார் ஸ்ரீவிஷ்ணு. முகம் மலர்ந்துவிட்டது. "மணிராஜ் இந்த நகரத்தில் இரண்டு வருடமாக எங்கெங்கே போனார், எத்தனை மணிக்குப் போனார், எல்லாம் எங்களிடம் இருக்கிறது. அவர் மனைவிக்குத் தெரிந்ததைவிட எங்களுக்கு அதிகம் தெரியும், பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு முழு வாரத்தை இந்தச் சுவரில் ஓட்டுவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்துவோம். அடுத்து எங்கே போனார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நீங்கள்தான் மணிராஜ். கரையேறியவர் தலையில் உருமா கட்டியவர் யாரோ, அவர் சாட்சியாக இருந்து கடைசி வரை பார்த்துக் கையெழுத்திட வேண்டும்."

நான் மணிராஜைப் பார்த்தேன். மொட்டைத்தலை முழுக்க வேர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

வெளியே டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"அண்ணாச்சி, புதன்கிழமையை மட்டும் காட்டாண்டாம்னு எழுத முடியுமா?"

"புதன்கிழமை என்ன விசேசம்?"

டீயைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஒரே மகள், சித்ரலேகா. மொபைல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண். புன்னக்காயலிலிருந்து வந்து படகு எஞ்சின் பழுது பார்க்கும் கிங்ஸ்டன் என்ற பையனை விரும்பினாள். வேறு சாதி, வேறு மதம். சுடலைக்கண்ணு தன் மகனுக்கு அவளைக் கேட்டு வைத்திருந்தார். முறைப்பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு, நடுவீட்டில் நின்று, எங்கே கண்டாலும் ரெண்டு பேரையும் வெட்டுவேன் என்று சொன்னார். எங்கள் ஊரில் இதை வாய்ப்பேச்சாகச் சொல்கிறவர்களும் உண்டு, செய்கிறவர்களும் உண்டு. சுடலைக்கண்ணு செய்கிற ஆள். ஆட்களோடு புன்னக்காயலுக்குப் போய் மூன்று நாள் தேடினார். பிள்ளைகள் அங்கே இல்லை. இதே ஊரில், அவர் மூக்குக்குக் கீழே, ஒரு தெருவில் மாடி வீட்டில் ஒன்றரை வருடமாக இருக்கிறார்கள்.

"புதன்கிழமை சிலிண்டரைத் தோள்ல வச்சுக்கிட்டு மாடி ஏறிருவேன். சிலிண்டர் மூஞ்சிய மறைச்சிரும். இருவது நிமிசம் இருந்துட்டு வந்துருவேன். ஒரு நாளைக்கு நாப்பது வீடு ஏறுத பயலை யாரு பின்னாலயே வந்து பாக்கப் போறான்? என் மச்சான் ஆளு ரெண்டு தடவை பின்னால வந்து பாத்துட்டு, கால் வலிச்சுப் போயிட்டானுவ."

"வீட்ல தெரியுமா?"

"நான் சொல்லல. அவளும் கேக்கல. புதன்கிழமை மட்டும் ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டுவா. ஒண்ணுல கருவாட்டுக் கொழம்பு. எனக்குக் கருவாடு ஆவாது, அவளுக்கே தெரியும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பிள்ளைக்கு இப்ப வயித்துல ஏழு மாசம் அண்ணாச்சி."

மனுவில் எதை எழுதினாலும் அது ஒரு அடையாளம் ஆகிவிடும். புதன்கிழமை வேண்டாம் என்றால், புதன்கிழமை என்ன என்று கேட்பார்கள். சொந்தக் காரணங்கள் என்று மட்டும் போட்டு, தனியுரிமையைக் காக்க வேண்டுகிறேன் என்று எழுதினேன். முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை முதல்முறையாக எழுதினேன்.

ஸ்ரீவிஷ்ணு படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

"தனியுரிமை எங்களுக்கு உயிர் போன்றது. அதற்காகவே நாற்பத்தாறு பக்கத்தில் கொள்கை வைத்திருக்கிறோம். நாளை மறுநாள் திரையில் ஓடும்போது, புதன்கிழமை முழுவதும் உங்கள் முகத்தை மங்கலாக்கிவிடச் சொல்கிறேன்."

"தெரு?" என்றேன்.

"தெரு தெளிவாக இருக்கும். அப்போதுதானே சாட்சி பார்க்க முடியும்."

"வீட்டுக் கதவு நம்பர்?"

"அது முகம் இல்லையே" என்றார். என் அறியாமைக்கு இரங்குகிறவர் மாதிரி சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, அன்றைக்கும் அவர் வரவழைத்திருந்த காபியை அவர் இஸ்திரிச் சட்டையில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. அங்கேயும் கேமரா இருந்தது.

அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் வாங்கிவந்து உட்கார்ந்து படித்தேன். அதை எழுதியவருக்குப் பிறகு முழுக்கப் படித்தவன் நானாகத்தான் இருப்பேன். சோதனை நாளன்று காலையில் ஆட்டோவில் போகும்போது, பேச்சை மாற்றுவதற்காக மணிராஜிடம் அதிலிருந்த ஒரு வேடிக்கையைச் சொன்னேன்.

"முப்பத்தோராம் பக்கத்துல ஒரு விதி இருக்குவே. உசிரோட இருக்கவன் பதிவை எத்தனை வருசமும் வச்சுக்கிடலாமாம். செத்தவன் பதிவை மட்டும், சாவு உறுதியான அன்னைக்கே அழிச்சிரணுமாம். கம்ப்யூட்டர்ல இடம் பத்தாதாம். உம்ம சாவு நம்ம மனுவால இன்னும் உறுதியாகல, அதான் உம்ம பதிவு அப்படியே கெடக்கு."

மணிராஜ் சிரிக்கவில்லை. "அன்னைக்கேயா?" என்று மட்டும் கேட்டார்.

கூடத்தில் முன்வரிசையில் சுடலைக்கண்ணு இருந்தார். பின்னால் வெள்ளைச் சட்டையில் இரண்டு பேர். சுடலைக்கண்ணு தங்கச்சி மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அவள் புருஷனைச் செத்தவன் என்று ஊர்த்திரையில் போட்டது அவருக்குப் பொறுக்கவில்லை, ஏஜென்சியிலும் மையத்திலும் அவர்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதே மனுஷன் அந்தத் தங்கச்சியின் மகளை வெட்டவும் தயாராக இருந்தார். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"மாப்ள, தைரியமாச் சொல்லும். கையெழுத்துப் போட்டுட்டு உம்மைக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றார்.

திங்கட்கிழமை ஓடியது. திரையில் பழைய மணிராஜ், முடியும் மீசையுமாக. ஒவ்வொரு சந்தியிலும் ஃபர்ஹத் படத்தை நிறுத்தினாள்.

"அடுத்து?" என்றார் ஸ்ரீவிஷ்ணு.

"இடது பக்கம். மூணாவது வீட்ல ரெண்டு சிலிண்டர்." சரி.

"அடுத்து?"

"வடை." திரையில் மணிராஜ் வடை தின்றார். இரண்டு. மூன்றாவதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று சுடலைக்கண்ணு சொல்ல, கூடமே சிரித்தது.

"அடுத்து?"

"அதைச் சொல்லணுமா சார்?" திரையில் மணிராஜ் மதில் ஓரமாகத் திரும்பி நின்றார். மையத்து ஊழியர்கள் பதினான்கு பேர் ஆர்வமாகப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமையும் இப்படியே போனது. ஒரு தவறு கிடையாது. தொண்ணூற்றொன்பது விழுக்காடு என்று கருவி காட்டியது. இன்னும் ஒரு நாள் சரியாகச் சொன்னால் போதும், மணிராஜ் பிழைத்துக்கொள்வார்.

புதன்கிழமை ஆரம்பித்தது. முகத்தின் இடத்தில் வட்டமாகப் புகை. புகைக்குக் கீழே சட்டை தெளிவு, வண்டி தெளிவு, நம்பர் பிளேட் பளிச்சென்று. பதினொன்றே கால் மணிக்கு வண்டி ஒரு நாற்சந்தியில் வந்து நின்றது. படத்தை நிறுத்தினாள்.

சுடலைக்கண்ணு முன்னால் சாய்ந்தார். "இந்தப் பக்கம் உம்ம ஏஜென்சி லைன் கிடையாதே. அங்கன என்ன சோலி மாப்ள?"

"அடுத்து இடதா, வலதா?" என்றார் ஸ்ரீவிஷ்ணு.

மணிராஜ் எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், சாமி முன்னால் நிற்கிற மாதிரி.

"தெரியாது சார்."

"யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை."

"எனக்கு எப்படித் தெரியும்? அது மணிராஜ் போன பாதை. நான் மணிராஜ் இல்ல. அவரு ஆத்துல முங்கிட்டாரு. நான் பாத்தேன்."

சுடலைக்கண்ணு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னவே உளறுதீரு? உம்ம தலையில உருமா கட்டினது நாந்தானவே."

"யாரோ ஒருத்தன் தலையில கட்டிட்டீரு மச்சான். உருமாவுக்குக் கண்ணா தெரியுது."

ஸ்ரீவிஷ்ணுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த கோப்பு தானாக மூடிக்கொள்கிறது. அவர் மணிராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நண்பர்களே, குடிமக்கள் தொழில்நுட்பத்தோடு மோதுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறோம். தாம் இறந்துவிட்டதை ஒருவர் தாமே முன்வந்து ஒப்புக்கொள்வது இந்த நகரத்தில் இதுவே முதல் முறை. எங்கள் கேமரா சொன்னது சரி என்று நிரூபிக்க இவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் பாருங்கள். இப்படி ஒரு லட்சம் குடிமக்கள் கிடைத்தால் நாங்கள் எங்கேயோ போய்விடுவோம்."

"அந்தப் படத்தை ஓட்டும். நிறுத்தாதீரு. அவன் எங்க போறான்னு நான் பாக்கணும்" என்றார் சுடலைக்கண்ணு. குரல் மாறிவிட்டது. அவருக்கு ஏதோ பொறி தட்டிவிட்டது.

"ஓட்டலாமே" என்றார் ஸ்ரீவிஷ்ணு தாராளமாக.

ஃபர்ஹத் திரும்பினாள். "சார், சாவு உறுதியாயிட்டு. முப்பத்தோராம் பக்கப்படி இன்னிக்கே அழிக்கணும். நேத்தே இடம் நெறஞ்சிட்டுன்னு மேலேருந்து கேட்டாங்க."

"அப்படியா? விதி என்றால் விதிதான். அழித்துவிடுங்கள்."

அவள் விரல் ஒருமுறை அழுத்தியது. நாற்சந்தியும் வண்டியும் புகையும் போய், சுவர் வெறும் நீலமாக நின்றது. இரண்டு வருடம் அவ்வளவுதான்.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. கிளம்பும்போது ஸ்ரீவிஷ்ணுவுக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அப்படியானால் நீங்கள் யார்?"

"யாருமில்ல சார்."

"அதில் ஒரு சிக்கல். பதிவில்லாத நபர்களே இல்லாத நகரம் என்று நேற்றுத்தான் அறிக்கை அனுப்பினேன். அதனால் நீங்கள் இருக்க முடியாது." சற்று யோசித்தார். "கேமரா கண்டுகொள்ளாத பட்டியல் ஒன்று இருக்கிறது. மாடு, நாய், மர நிழல். அதில் சேர்த்துவிடச் சொல்கிறேன். ஆட்சேபம் இல்லையே?"

மணிராஜ் அவரைக் கும்பிட்டார். அது உண்மையான கும்பிடு.

வாசலில் சுடலைக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்தார். "என் தங்கச்சியத் தாலியறுத்தவளா ஆக்கிட்டீரேவே."

"தாலி அவ கழுத்துலதான் கெடக்கு மச்சான். வீட்டுக்கு வந்து பாரும். சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சுடலைக்கண்ணு சட்டையை விட்டுவிட்டு மையத்துக் கதவைப் பார்த்தார். அங்கே இனி கேட்க ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோபம் போகவில்லை, அது தெரிந்தது.

மணிராஜுக்கு ஏஜென்சி வேலை போனது போனதுதான். மானேஜர் நல்லவர். குடோனில் சிலிண்டர் ஏற்றி இறக்கும் வேலை கொடுத்தார். காலமானவர்கள் சுமை தூக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. மையத்திலிருந்து மாலையோடு நான்கு பேர் சுடலைவடிவுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவர் மணிராஜ். அடுத்த புதன்கிழமை சித்ரலேகாவைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிலிண்டர் இல்லாமல், வெறும் தோளோடு, மகளுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு. பதினெட்டு மாதத்தில் முதல்முறையாக அவளோடு தெருவில் நடந்தார். வழியில் ஆறு கம்பம். ஒன்றும் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்து இதை இரண்டு தடவை சொன்னார்.

அதற்கு மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஃபர்ஹத் என் மேசைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஒரு மனு வேணும் அண்ணாச்சி. எம் பேர்ல."

"சொல்லும்மா."

"அந்த வீடு எனக்குத் தெரியும்" என்றாள். "வாராவாரம் புதன்கிழமை நான்தான் பாத்தேன். சிலிண்டரை மாடிப்படியில இறக்கி வச்சிட்டு, மூச்சு வாங்கிட்டு, கதவைத் தட்டுவாரு. அந்தப் பொண்ணு திறக்கும். ஒருநா கையப் பிடிச்சு வயித்துல வச்சுக் காட்டுச்சு. யார்ட்டயும் சொல்லல. எங்க வாப்பாட்டகூடச் சொல்லல."

"நல்லா இருப்பம்மா."

"நான் சொல்லல. ஆனா அந்த நாற்காலியில இன்னும் ஆறு பேர் உக்காருதாங்க. அதுல ஒருத்தர் சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. புதன்கிழமைப் பகல்ல அவருக்குப் பதிலா நான் உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்." துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். "நான் வீட்டுக்குப் போற வழியில பத்து கம்பம். நான் எங்க நிக்கேன், யார்ட்டப் பேசுதேன், எல்லாம் அந்த ஆறு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியுறதைத்தான் நான் சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

நான் பேனாவைத் திறந்தேன். "மனு என்னன்னு போடட்டும்?"

"நான் ஆத்துல முங்கிட்டேன்னு போடுங்க" என்றாள்.